கன்னொருவையில் எங்கள் சித்திரை

எமது நாட்டில் வசந்தகாலம் என்று ஒரு பருவம் கிடையாது என்றுதான் பாடசாலையில் படித்தோம். இரண்டு பருவப்பெயர்ச்சி மழைகள், அவற்றுக்கு நடுவே இரண்டு இடைப்பருவ மழைகள், அவ்வளவுதான். வசந்தம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏப்ரல் மாதத்து நுவரெலியா. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல். அது வசதியுள்ளவர்கள் போய்ப் பார்த்து வரும் வசந்தம். நான் இங்கே எழுதப்போவது செலவில்லாத இன்னொரு வசந்தத்தைப் பற்றி. கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பங்குனி நடுப்பகுதியிலிருந்து சித்திரைப் பிறப்பு வரைக்கும், வாடகை வீட்டில் இருந்தபடியே அனுபவிக்கக்கூடிய ஒன்று அது.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாசி மாதத்தில் இங்கும் வரட்சிதான். பங்குனி பிறந்து சில நாட்களில் காற்று மாறும். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு ஹந்தானை மலைப்பக்கம் கறுக்கும், மூன்று மணிக்கு இடியுடன் மழை கொட்டும். அந்த மழையோடு மரங்களுக்கு உயிர் வந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ரொபரோசியா மரங்கள் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். முள்முருக்கு சிவக்கும், கொன்றை மஞ்சளாகத் தொங்கும். அதிகாலையில் குயில் தொடங்கிவிடும். சிங்கள மக்கள் முருக்கம் பூவையும் குயிலின் குரலையும் வைத்துத்தான் புத்தாண்டு வந்துவிட்டது என்பார்கள்.

நானும் அம்மாவும் இருப்பது கன்னொருவையில். மகாவலி கங்கைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. பொழுது சாயும் நேரம் பூங்கா மரங்களிலிருந்து வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி எங்கள் கூரைக்கு மேலால் போகும். இரண்டு அறைகளும் ஒரு குசினியும் கொண்ட சிறிய வீடு. முன்வீட்டில் வீட்டுக்காரச் சிங்கள அம்மா இருக்கிறார். அவர் அம்மாவை "நங்கி" என்று கூப்பிடுவார், அம்மா அவரை "அக்கா" என்பார். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அம்மா பிறந்தது இதே கண்டியில்தான், ஹந்தானைத் தோட்டத்தில். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அம்மாவுடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு வெட்டி, கலியாணம் முடித்து, என்னைப் பெற்று, 2009 வரை அங்கேதான் வாழ்ந்தார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அப்பாவை இறுதியாகக் கண்டோம். பிறகு மெனிக் பாம் முகாம். நான் பல்கலைக்கழகம் கிடைத்துப் பேராதனைக்கு வந்தேன், சமூகவியல் படித்தேன், இங்கேயே வேலையும் கிடைத்தது. 2019 மாசியில் அம்மாவைக் கூட்டிவந்தேன். முந்திய வருடம் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கேள்விப்பட்டு, "கண்டி இன்னும் மாறேல்லப் பிள்ளை" என்று ஒரு வருடம் இழுத்தடித்த பிறகுதான் வந்தார்.

வந்தவர் கொண்டுவந்தது ஒரு பெரிய பை. அதை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தது வைத்ததுதான். உடுப்பு தேவையென்றால் அதிலிருந்து எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதற்குள்ளேயே வைப்பார். நான் வாங்கிக் கொடுத்த அலுமாரியில் என்னுடைய சாமான்கள் மட்டுமே இருந்தன. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பையை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கக்கூடும்.

நான் வற்புறுத்தவும் முடியவில்லை. அம்மா வந்த அந்த முதல் சித்திரையிலேயே, வருடம் பிறந்து ஒரு கிழமையில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. ஊரடங்கு. அம்மா ஒன்றும் சொல்லாமல் பையின் வாரை இழுத்துக் கட்டினார். 2020 சித்திரைக்குக் கொரோனா ஊரடங்கு. அடுத்த வருடமும் அதே பயம். 2022 சித்திரைக்கு எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் நாளுக்குப் பல மணி நேரம் இல்லை. நான்கு சித்திரைகள் அப்படிப் போயின. ஐந்தாவதாக 2023 பங்குனி வந்தபோது, நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து மாற்றம் தொடங்கியது.

சிங்களப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு கிழமைகள் கண்டிக் கிராமங்களில் வீடு துப்புரவாக்கும் காலம். ஒரு வீட்டில் தொடங்கினால் வீதி முழுக்கத் தொற்றிக்கொள்ளும். மெத்தைகளும் தலையணைகளும் வெயிலில் கிடக்கும். ஒட்டறைக் கம்புகள், தும்புத்தடிகள், சுண்ணாம்பு வாளிகள். வீட்டுக்கார அம்மாவும் தன் வீட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளைப் பூச்சு வாளியுடன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். சுவருக்குப் பூச்சு அடிக்க வேண்டும், சாமான்களை வெளியே எடு நங்கி என்றார். அம்மா முதலில் எடுத்து வெளியே வைத்தது அந்தப் பையைத்தான். அது பாரமாக இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரம் காயட்டும் என்று அவரே பையைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார்.

உடுப்புகள் ஆறேழுதான். மீதியெல்லாம் கடதாசி. செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த மனுக்களின் பிரதிகள், முகாம் அட்டை, என் பிறப்புச் சான்றிதழ், கடதாசிகளுக்கு நடுவில் அப்பாவின் படம். படத்தின் ஒரு மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்மா அதைக் கண்டதும் கைவேலையை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் வேலை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு ஒதுக்கும்போது ஒரு நாளிலேயே எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள், முக்கியமாக இப்படியான கடதாசிகள் உள்ள வீட்டில். நாங்கள் அன்றைக்குக் கடதாசிகளை மட்டும் பார்த்தோம். எதையும் எறியவில்லை. திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, ஒரு கோப்பில் வைத்தோம். இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றை ஊரிலுள்ள சித்தியிடம் அனுப்பினோம். கைத்தொலைபேசியிலும் படம் பிடித்துக்கொண்டோம். மலைநாட்டு ஈரத்துக்குக் கடதாசியைத் தரையிலோ பைக்குள்ளோ வைக்கக் கூடாது, உயரமான தட்டில்தான் வைக்க வேண்டும். ஆக, கோப்பு அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அம்மாவின் பொருள் ஒன்று அலுமாரிக்குள் போனது அதுதான் முதல் தடவை.

படம் மாட்டுவதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. "வாடகை வீட்டில ஆணி அடிச்சா அவங்க என்ன நினைப்பாங்க" என்றார் அம்மா. உண்மைக் காரணம் அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் சுவரில் தனியாக ஓர் ஆணின் படம் இருந்தால், மாலை எங்கே, விளக்கு எங்கே என்று கேட்பார்கள். மாலை போட்டால் ஆள் இல்லை என்றாகிவிடும். அம்மா இன்றைக்கும் குங்குமப் பொட்டு வைக்கிறார். இதனால் நல்ல காரியங்களில் அவரை முன்னுக்கு வரச் சொல்வதா, பின்னுக்கு நிற்கச் சொல்வதா என்று சனங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததனால் கூப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போனவர்களின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, 1970களில் இதற்கு "தெளிவற்ற இழப்பு" என்று பெயர் வைத்தார். எங்கள் சட்டத்திலும் 2016 முதல், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக "காணாமற்போயுள்ளார்" என்று பதிந்து தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. சட்டத்துக்குப் புரிந்தது அயலவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

வீட்டுக்கார அம்மா இதையெல்லாம் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார், உள்ளே போனார், ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். அவருடைய முன்னறையில் இராணுவ உடுப்பில் ஒரு இளைஞனின் படம் இருக்கிறது, அவருடைய தம்பி. அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புதுப்பூச்சுச் சுவரில் அவரே ஆணியை அடித்தார். அப்பாவின் படம் மாலையில்லாமல், விளக்கில்லாமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஏதாவது கேட்க வாயெடுத்தால் அம்மா தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன், அதற்குத்தான் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். பங்குனியில் கண்டிச் சந்தைக்குள் நுழைந்தால் பச்சை நிறம்தான். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங் எல்லாம் மழை கண்டு தளதளவென்று வரும். பிஞ்சுப் பலாக்காய் வேலியோரங்களில் சும்மாவே கிடைக்கும். சிங்களத்தில் பலாவைச் சோற்று மரம் என்பார்கள். 1915 கலவர காலத்தில் சிறைவைக்கப்பட்ட ஆதர் வி. டயஸ் என்பவர், வெளியே வந்தபின் சனங்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று நாடெங்கும் பலாக்கன்று நாட்ட வைத்தார். அதனால் அவருக்குப் "கொஸ் மாமா", அதாவது பலா மாமா என்றே பெயர். 2022 இல் அரிசி விலை ஏறியபோது எங்கள் வீதியில் பலர் அந்த மரத்தால்தான் பசியாறினார்கள்.

பிஞ்சுப் பலாவை "பொலஸ்" என்று சமைக்கும் முறையை வீட்டுக்கார அம்மாவிடம் படித்தோம். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டினால் போகாது. பெரிய துண்டுகளாக வெட்டி, வறுத்த கறித்தூள், கொறுக்காய், கறுவா, ரம்பை, கறிவேப்பிலை சேர்த்து, இரண்டாம் பாலில் மண்சட்டியில் வேகவிட வேண்டும். கடைசியில் முதற்பால். அவசரப்படக் கூடாது. விறகடுப்பில் நெருப்பைக் குறைத்து இரவு முழுக்க விட்டால் துண்டுகள் இறைச்சிபோலக் கறுத்துவரும். அம்மா பதிலுக்கு எங்கள் வல்லாரைச் சம்பலைக் கொடுத்தார். அதை மிக மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, சாப்பிடும் நேரத்தில் மட்டும் தேசிப்புளி விட வேண்டும். முன்கூட்டி விட்டால் கறுத்துவிடும்.

துப்புரவு முடிந்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஹந்தானைக்கு ஏறினோம். 1925 இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அம்மா வாசலோடு நின்றுவிட்டார். "கொழுந்து நிறுத்த இடத்தைக் காசு குடுத்துப் பார்க்கிறதா" என்று சொல்லிவிட்டு, வெளியே புல்லில் உட்கார்ந்து நகரத்தைப் பார்த்தார். வாவியும் தலதா மாளிகைப் பக்கமும் கீழே சிறிதாகத் தெரிந்தன. தான் குடியிருந்த லயம் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதற்குக் கையை மட்டும் ஒரு திசையில் நீட்டினார்.

தாவரவியல் பூங்காவுக்கு மட்டும் மறுக்காமல் வந்தார். 1821 இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. ஓர்க்கிட் மனையை எல்லாரும் பார்ப்பார்கள், நாங்களும் பார்த்தோம். அம்மாவை நிறுத்தி வைத்தது வேறொரு பாதை. இரு மருங்கிலும் வரிசையாகப் பனை மரங்கள். கண்டிக்குள், மழைநாட்டுக்குள், வடக்கிலே நிற்கிற அதே பனை. அம்மா ஒரு மரத்தில் கையை வைத்துக்கொண்டு, "இதுகளும் இங்க வந்து எவ்வளவு உயரம் போயிட்டுது பாத்தியா" என்றார். இவை வந்து நூறு வருடத்துக்கு மேலிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கொழும்பு வீதியில் இறங்கித் துணி பார்த்தோம். வருடப் பிறப்புக்கு உடுக்க வேண்டிய நிறத்தைப் பஞ்சாங்கம் சொல்லும். வாக்கியம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் ஒன்று சொல்லும், கடையில் இருப்பது மூன்றாவதாக இருக்கும். அம்மா பல வருடங்களாகச் சாம்பல் நிறத்திலும் மண்ணிறத்திலும்தான் சோட்டி போடுவார். யாரும் ஒன்றும் சொல்லக் கூடாதாம். அன்றைக்கு மஞ்சளில் பச்சைப் பூப்போட்ட சீத்தைத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார், பிறகு திரும்பவும் எடுத்தார். நான்கு யார் வாங்கினோம். வீட்டில் போட இலேசான துணி, வேர்வையை உறிஞ்சும், மழைக்காலத்திலும் ஒரு பொழுதில் காயும், கழுத்தைச் சற்று அகலமாக வெட்டி இரண்டு பக்கமும் சட்டைப்பை வைத்தால் சந்தைக்கும் போகலாம். அம்மா கையாலேயே தைத்தார். மிஞ்சிய துணியில் ஜன்னலுக்கு ஒரு திரையும் வந்தது.

சோபகிருது வருடம் 2023 ஏப்ரல் 14 வெள்ளிக்கிழமை பிறந்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மருத்துநீர் வாங்கி வந்து தலைக்கு வைத்தோம். வாசலில் பானை வைத்துப் பொங்கினோம். முன்வீட்டிலிருந்து பாற்சோறும் கொக்கிஸும் பலகாரத் தட்டில் வந்தன, தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் பொங்கலும் மோதகமும் போயின. கைவிசேடம் கொடுக்க அம்மா மஞ்சள் சோட்டியுடன் வந்து, அலுமாரியைத் திறந்து, தன் உடுப்புகளுக்குக் கீழிருந்து காசை எடுத்தார்.

பையை அவர் எறியவில்லை. துவைத்துக் காயவைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறார். கன்னொருவையில் வாங்கிய கத்தரி விதையும் பயற்றை விதையும் இரண்டு சுருளாக அதற்குள் கிடக்கின்றன.