மச்சக்காரி!

கேம்பஸ் இன்டர்வியூவில் எவனுக்காவது வேலை கிடைத்தால், 'மச்சக்காரன்டா'ன்னு பொறாமைப்படுவோம் இல்லையா? எங்க ஊர் பூலாம்பாடியில் ஒரு பாப்பா முதுகு முழுக்கக் கறுப்பு மச்சத்தோடு பிறந்தாள். அவளை யாரும் 'மச்சக்காரி'ன்னு கொஞ்சவில்லை ஃப்ரெண்ட்ஸ். 'கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியா?'ன்னு பச்சை உடம்புக்காரியான அவள் அம்மாவைத்தான் குடைந்தார்கள். எங்க தெரு அக்கா அவங்க. திருச்சி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனபோது டாக்டர் சொன்னதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் எல்லாத் திட்டும் ஒன்றல்ல. இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பலாகத் தெரிவது நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு ரொம்ப சகஜம். பெரும்பாலும் சில வருஷத்தில் தானே மறையும். பால் காபி நிறத்தில் ஒன்றிரண்டு இருந்தாலும் பயமில்லை. அதுவே 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறு இருந்தால் டாக்டரிடம் காட்டணும். நரம்பு சம்பந்தப்பட்ட பரம்பரை நோயாக இருக்கலாம்.

பாப்பாவுக்கு இருப்பது 'பிறவி மெலனோசைட்டிக் நீவஸ்'. சின்ன அளவில் 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். வளர்ந்தபின் 20 சென்டிமீட்டரைத் தாண்டுகிற ராட்சத மச்சம், சுமார் 20,000 பேரில் ஒருவருக்குத்தான். கருவில் ஏதோ ஒரு செல்லின் ஜீன் மாறிப்போவதுதான் காரணம். பலருக்கு அது என்.ஆர்.ஏ.எஸ். என்ற ஜீன் என்று 2013-ல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கிரகணம், சாபம், அம்மா சாப்பிட்டது... எதுவுமே இல்லை!

சரி, விட்டுடலாமா? கூடாது. சிலருக்கு அதே நிறமி செல்கள் மூளையிலும் இருந்து வலிப்பு வரலாம். அதனால்தான் பெரிய மச்சமென்றால் முதல் ஆறு மாதத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ராட்சத மச்சமுள்ளவர்களில் நூற்றுக்குச் சிலருக்குப் புற்றுநோயும் வரலாம். புதுக் கட்டி, ரத்தக் கசிவு, ஆறாத புண் என்றால் உடனே ஓடணும்.

ஆபரேஷன் எல்லாருக்கும் கட்டாயமில்லை. சின்னதை வெட்டித் தைத்துவிடலாம். பெரிசுக்கு ஒரு வழி, பக்கத்து நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கோன் பலூன் வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவது. தோல் விரிந்து வளரும். மச்சத்தை எடுத்த இடத்தை அதை வைத்து மூடுவார்கள். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு 'ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின்' பாடம் அன்றைக்குத்தான் நிஜமாகப் புரிந்தது! லேசர் நிறத்தைக் குறைக்கலாம். ஆழத்து செல்களை முழுசாக எடுக்காது. சுண்ணாம்பு, ஆசிட் கை வைத்தியம்? மூச்!

பாப்பாவின் எம்.ஆர்.ஐ. நார்மல். ஆபரேஷன் எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை. அக்கா இப்போது சட்டை போடாமலே அவளை வாசலில் விளையாட விடுகிறார்.

உங்க தெருவிலும் இப்படி ஒரு குழந்தை பிறக்கலாம். தடுப்பூசிக்குப் போகும்போதே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், 'நானும் வர்றேன்க்கா'ன்னு பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுங்க. அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம். அந்த ஆறு மாதம் திரும்ப வராது பாஸ்!