ஆஸ்பத்திரியைக் காக்கும் திராட்சை

பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 300 கி.மீ. போனால் பர்கண்டி வட்டாரம். அங்கே ஒரு சின்ன ஊர், பெயர் 'போன்'. டெலிபோன் இல்லீங்க, ஊர்ப் பெயரே அதுதான்! ஊர் நடுவே, பல வர்ண ஓடுகள் கோலம் போட்டாற்போல் மின்னும் ஒரு பெரிய கட்டடம். 1443-ல் நிக்கோலா ரோலான் என்ற மந்திரியும் அவர் மனைவி கிகோனும் ஏழைகளுக்காக எழுப்பிய தர்ம ஆஸ்பத்திரி அது. 1971-க்குப் பிறகு நோயாளிகள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட, இது இப்போது மியூசியம்.

இந்த ஆஸ்பத்திரியைத் தாங்கி வந்தது எது தெரியுமா? திராட்சைத் தோட்டம்! பலர் தானமாக எழுதி வைத்த நிலம் இன்று சுமார் 60 ஹெக்டேர்.

அதில் பெரும்பகுதி 'பினோ நுவார்' என்ற கறுப்புத் திராட்சை. அப்பப்பா, அதை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி! தோலோ ரொம்ப மெல்லிசு. பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், மழை ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் அதிகமானால் வாசனை போச்சு. குறைந்தால் ஒரே புளிப்பு.

துளிரும் சீக்கிரமே விடும். ஏப்ரலில் ஓர் இரவு கடும் உறைபனி விழுந்தால் போதும், அந்த வருஷ மகசூலே கருகிவிடும். அதனால் நடுராத்திரியில் எழுந்து போய், கொடி வரிசைகளுக்கிடையே மெழுகு நிரப்பிய டப்பாக்களைக் கொளுத்தி வைக்கிறார்கள். 2021 ஏப்ரலில் அப்படியும் ஏராளமான துளிர்கள் கருகிப் போயின.

பறித்த பிறகாவது நிம்மதி உண்டா? அதுவும் இல்லை. வைனுக்கு நிறம் தருவது தோல்தான், சாறு அல்ல. நொதிக்கும்போது தோல் மேலே மிதக்கும். அதை அடிக்கடி சாற்றில் அமுக்கிவிட வேண்டும். ரொம்ப அமுக்கினால் துவர்ப்பு ஏறும். அப்படியே விட்டால் வெளிறிவிடும்.

ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது ஞாயிறன்று, புது வைன் பீப்பாயோடு ஏலம் போகிறது. 1859-ல் தொடங்கிய வழக்கம் இது. வரும் பணம் ஊரின் இன்றைய ஆஸ்பத்திரிக்குக் கட்டடமாகவும் கருவிகளாகவும் மாறுகிறது.

இதைப் படித்துவிட்டு வைன் உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் ஆகாது.

ஆனால் அந்த ஊர்ப் பக்கம் போனால், ஏழைகளின் கூடத்தை அவசியம் பாருங்கள். சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் இருபுறமும் வரிசையாக நிற்கும். யார் யாரோ துளிருக்காகக் கண்விழித்த இரவுகள்தான் அங்கே படுத்தவர்களுக்கு மருந்தாயின.