மணல் நடக்கும் வழி

எங்கள் ஊர் மடுகரையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. எங்களுக்கு வாய்த்தது ஏரியும் வாய்க்காலும்தான். ஆனாலும் கப்பலுக்காக மனிதன் கரையில் கட்டியவற்றைக் கண்டால் என் கால் அங்கேயே நின்றுவிடும். கடலை அவை எப்படி நடத்துகின்றன என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆறும் உப்பங்கழியும் அலையில்லாத இடங்கள். அங்கே கரையை ஒட்டிச் சுவரெழுப்பித் தளம் போட்டால் போதும், கப்பல் பக்கவாட்டில் வந்து அணைந்துகொள்ளும். அதே தளத்தைத் தூண்களின் மேல் நிறுத்தினால் அடியில் தண்ணீர் ஓடும். அலை அடிக்கும் திறந்த கடற்கரையில் இந்த இரண்டும் உதவாது. கரைக்குக் குறுக்காக, ஆழம் கிடைக்கும் தூரம் வரை கடலுக்குள் பாலம் நீட்ட வேண்டும். இன்னொரு வழி, கடலில் பாறைகளைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டி, அதன் மறைவில் அமைதியான தண்ணீரை உண்டாக்குவது. இந்த எல்லா வழிகளையும் ஏதோ ஒரு காலத்தில் முயன்று பார்த்த கரை புதுச்சேரி.

எல்லாவற்றுக்கும் மூத்தது அரிக்கமேடு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலியச் செந்நிறத் தட்டுகளும் வந்திறங்கிய ஊர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ஆற்றோரமாகச் சுமார் 45 மீட்டர் நீளத்தில் ஒரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அதைப் பண்டகசாலை என்று அவர் கருதினார். அந்த வணிகர்கள் கடலோடு மல்லுக்கு நிற்கவில்லை. அரியாங்குப்பம் ஆற்றின் வளைவுக்குள் ஒதுங்கினார்கள். அங்கே அலை இல்லை.

பிரெஞ்சுக்காரர்களின் ஊரோ நேராகக் கடலைப் பார்த்து வளர்ந்தது. அந்தக் கரையில் கப்பல் எப்படி வந்தது என்று அறிய நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை. 1736இல் தொடங்கி 1761 வரை போகும் எழுத்து அது. அரசியல், வழக்கு, சூழ்ச்சி எல்லாம் அதில் உண்டு. என் கண் தேடுவது கப்பல் வந்த நாட்களைத்தான். எந்தக் கப்பல், எங்கிருந்து வந்தது, பீரங்கி எத்தனை முறை முழங்கியது என்று ஒரு கணக்கரின் அக்கறையோடு எழுதியிருப்பார். அவருக்கே 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பல் இருந்தது. அத்தனை பெரிய வணிகரின் சரக்கும் கரையில் நேராக இறங்க முடியாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். இங்கிருந்து சலங்குகள் போக வேண்டும்.

சலங்கை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கிக் கரை மணலில் அடிக்கும்போது கயிறு நெகிழும், பலகை வளைந்துகொடுக்கும், படகு உடையாது. அந்த இடத்தில் கப்பலின் இறுக்கமான படகுகள் நொறுங்கிவிடும். கடிதம், பணப்பெட்டி, துணிக்கட்டு, கவர்னர் எல்லாமே கடைசிச் சில நூறு கஜம் நம் படகோட்டிகளின் கையில்தான்.

1860களில் இரும்புக் கால்களோடு கடலுக்குள் நீளும் பாலம் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக ரயில் வந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் விளைந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, புதுச்சேரியில் கப்பலேறி, எண்ணெய்க்காக மார்சேய் வரை போன காலம் அது. அந்தப் பாலம் 1952 புயலில் போயிற்று. தெற்கே கான்கிரீட்டில் கட்டிய புதுப் பாலம் 1962இல் வந்தது. அதிலும் 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இரண்டு பாலமும் விழுந்தன. ஆனால் நின்ற வரையில் கரையை அவை பெரிதாகக் கெடுக்கவில்லை. கால்களுக்கு இடையே அலை போயிற்று, மணலும் போயிற்று. நம் சோழமண்டலக் கரையில் மணல் ஓயாமல் நடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் நீண்ட மாதங்களில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். இதற்குக் குறுக்கே பாறைச்சுவர் நின்றால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். சென்னையில் 1876 முதல் நடந்ததும் இதுதான். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே இராயபுரம் கரையைக் கடல் தின்றது.

புதுச்சேரியில் 1980களின் இறுதியில், அரிக்கமேட்டுக்காரர்கள் ஒதுங்கிய அதே ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு பாறைக் கரங்கள் நீண்டன. நகரத்தின் மணல் போனது. குருசுக்குப்பத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் வலை உலர்த்த இடமில்லாமல் போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. தூண்டில் வளைவு போட்டார்கள். அதற்கும் வடக்கே பொம்மையார்பாளையம் போன்ற தமிழ்நாட்டுக் குப்பங்கள் வீடிழந்தன. மணலுக்கு மாநில எல்லை கிடையாது.

துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விசைப்படகு வைத்திருப்பவனுக்கு ஒதுங்க இடம் வேண்டும், அது அவன் உயிர். ஆனால் சுவர் கட்டியவர்களுக்கு ஒரு கடமை உண்டு. சுவர் தடுத்த மணலை அள்ளி அடுத்த பக்கம் சேர்ப்பதும் துறைமுகத்தின் வேலைதான். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கடற்கரைக்கே தருகிறார்கள். புதுச்சேரியிலும் 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலடியில் இறக்கியது. பாறை மட்டுமே மிச்சமிருந்த இடத்தில் மணல் சேர்ந்தது, குழந்தைகள் மறுபடி மணலில் ஓடினார்கள். கெடுத்ததைத் திருத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் வலை உலர்த்தும் மணல் குப்பத்துக்காரருக்குத் தொழிலிடம், அதுவும் திரும்பி வர வேண்டும். முகத்துவாரத்தில் அள்ளும் மணலை வடக்கே உள்ள குப்பங்கள் வரை தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால், அது சலுகை அல்ல, கடன் அடைப்பது.