பயமும் கற்றுக்கொண்டதுதான்

என் அம்மா பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. இன்றும் காலையில் தோட்டத்துச் சங்கு ஊதினால் திடுக்கிட்டு எழும்பி உட்காருவார். "நெஞ்சு படபடங்குது பிள்ளை" என்பார். அந்தக் காலத்தில் பிரட்டுக்குப் பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைய பேர் போய்விடும். சங்கு வெறும் சத்தம்தான். ஆனால் அதனோடு அந்தப் பயமும் ஒட்டிக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இதற்கு விளக்கம் கிடைத்தது. ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்தார். பின்னர் உணவே இல்லாமல், சத்தம் கேட்டதும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது. இதைச் சாஸ்திரிய நிபந்தனைப்படுத்தல் என்பார்கள்.

அமெரிக்கரான ஸ்கின்னர் இன்னொன்றைக் காட்டினார். பெட்டிக்குள் இருந்த எலி ஒரு கம்பியை அழுத்தினால் உணவு விழும். எலி மீண்டும் மீண்டும் அழுத்தியது. பலன் தரும் செயலைத் திரும்பச் செய்வோம் என்பதே இதன் பொருள். இது செயற்பாட்டு நிபந்தனைப்படுத்தல். நிறை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்ற தோட்டக் கணக்கும் இவ்வகைதான். பலன் என்பது ஏதாவது கிடைப்பது மட்டுமல்ல, வேதனை நீங்குவதும் பலன்தான். இதை ஒரு சகோதரியிடம்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அவருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அங்கே பிறந்த அவர், 2009இல் யுத்தம் முடிந்தபின் பிள்ளைகளோடு சித்தியின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் வருடத் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாராம். அடுத்த வருடம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். பிறகு கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை. கடைசியில் டவுனுக்குப் போவதும் நின்றது.

"யுத்தம்தான் முடிஞ்சிருச்சே, ஏன் பயப்படுறீங்க?" என்று கேட்டேன். அது என் பிழை. "எனக்குத் தெரியுது மிஸ், உடம்புக்குத் தெரியலியே. கதவைச் சாத்தினாத்தான் மனசு ஆறுது" என்றார்.

அந்த ஆறுதல்தான் எலிக்கு விழுந்த உணவு. சத்தத்தோடு பயத்தை ஒட்டவைத்தது யுத்தம். ஒவ்வொரு தடவையும் விலகிப்போவதில் கிடைத்த நிம்மதி அந்தப் பயத்தை மாறவிடாமல் காத்தது. வேட்டு வெடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு கற்றுக்கொள்ளச் சந்தர்ப்பமே வரவில்லை.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமான உணவைச் சாப்பிடும்போது முயலைச் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். முடிவில் அவனே முயலைத் தடவினான்.

நாங்களும் அவர் சம்மதத்தோடு அப்படியே தொடங்கினோம். வேட்டு எப்போது என்று கேட்டறிந்து, தூரத்து மேல் லயத்தில் சித்தியோடு தேத்தண்ணி குடித்தபடி உட்கார்ந்தார். கை நடுங்கியது. நடுக்கம் அடங்கும்வரை எழும்பவில்லை. அடுத்த முறை ஒரு லயம் கிட்ட. மூன்றாம் வருடம் மாவிளக்கோடு கோயிலுக்கே வந்தார். இன்றும் வேட்டுச் சத்தத்தில் திடுக்கிடுகிறார். ஆனால் கதவைச் சாத்துவதில்லை.

சகோதரிகளே, எல்லாப் பயத்தையும் விடவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண்சரிந்து பலர் புதையுண்டதைக் கண்ட நாங்கள், பெருமழைக்குப் பயப்படுவது நியாயமே. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டும். ஆபத்தில்லாத இடத்திலும் விடாத பயத்தைத்தான் மெதுவாக மாற்றப் பார்க்கலாம். யாரையும் பலவந்தமாக இழுத்துப் போகக்கூடாது, பயம் கூடிவிடும். தூக்கமில்லாமல், கெட்ட கனவுகளோடு தவிப்பவர்கள் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம்.

உங்களை நீங்களே பயந்தாங்கொள்ளி என்று ஏசிக்கொள்ளாதீர்கள். அன்று உயிரைக் காப்பாற்றத்தான் உங்கள் உடம்பு அந்தப் பயத்தைப் படித்தது. இன்னொரு பாடம் படிக்க அதற்குக் கொஞ்சம் காலமும், பக்கத்தில் உட்கார ஒருவரும் வேண்டும்.