அக்கா போட்ட அட்டவணை

அக்டோபர் 3, ஜெனோவா

எழுதி வைக்காவிட்டால் இந்தப் பயணம் நடந்ததாகவே தோன்றாது. இருவரும் போவதாக இருந்தது. அக்காவுக்கு விசா மறுத்துவிட்டார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரே விலாசம், ஒரே விடுதிப் பதிவுகள், ஒரே நாளில் கொடுத்த விண்ணப்பங்கள். அவளுக்கு வந்த தாளில் ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தது: ஊர் திரும்புவாள் என்பதில் ஐயமாம். அறுபத்திரண்டு வயது, முட்டிவலி, ரேஷன் கடைக்குப் போனாலும் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடுகிறவள்.

“பணம் கட்டியாச்சு, நீ போ” என்றாள். சொன்ன விதம் சரியில்லை.

பையில் அவள் போட்ட அட்டவணை இருக்கிறது. இங்கிருந்து பார்சிலோனா வரை, கரையோரமாக, ரயிலும் பஸ்ஸும் மட்டும்.

அக்டோபர் 4, வென்டிமிலியா

“இடப்பக்கம் உட்கார், கடல் தெரியும்” என்று எழுதியிருக்கிறாள். அலாஸ்ஸியோ வரை விட்டுவிட்டுத் தெரிந்தது. அந்தோராவைத் தாண்டியதும் சுரங்கம், மறுபடி சுரங்கம். 2016இல் அந்தப் பகுதித் தண்டவாளத்தை மலைக்குள் தள்ளிவிட்டார்கள். சான்ரெமோ ஸ்டேஷனே மலைக்குள் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க நீண்ட நடைபாதையில் நடக்க வேண்டும். கடலை ஒட்டிய பழைய பாதையில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். அக்கா பார்த்தது ஏதோ பழைய படமாக இருக்கும்.

அக்டோபர் 5, நீஸ்

வென்டிமிலியாவை விட்டுச் சில நிமிடங்களில் பிரான்ஸ். முதல் நிறுத்தம் மான்டான் கராவான். அங்கே ரயில் நின்றது, கிளம்பவில்லை. போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இருக்காது என்றுதான் பேச்சு. ஆனால் 2015இலிருந்து இந்த ஸ்டேஷனில், இத்தாலியிலிருந்து வரும் ரயில்களில் ஏறிப் பார்க்கிறார்கள்.

எதிரே ஒரு வயதான தம்பதி. அவர்களைப் பார்த்தார்கள், கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். கதவோரம் நின்ற இரண்டு கறுப்பினப் பையன்களிடம் கேட்டார்கள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, விசாப் பக்கத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, திருப்பித் தந்து, பயணம் நன்றாக அமையட்டும் என்றார் ஒருவர். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பையன்களில் ஒருவனை இறக்கிக் கூட்டிப் போனார்கள். மற்றவன் ரயிலிலேயே நின்றான். கதவு மூடும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சேர்ந்து வந்தவர்களா என்றுகூடச் சொல்ல முடியாது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தாள் செல்லுபடியாகிறது என்ற சந்தோஷம். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு அசிங்கமான சந்தோஷம் என்று உறைத்தது. அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

அக்காவிடம் போனில் இதைச் சொல்லவில்லை. சோக்கா சாப்பிட்டதைச் சொன்னேன். கடலைமாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுத்து, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள், நம் அடை மாதிரி. “உப்பு சரியா இருந்துச்சா?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 6

மழை.

அக்டோபர் 9, மார்செய்

வேலைநிறுத்தம். பலகையில் பாதி ரயில்கள் ரத்து. ஸ்டேஷன் வாசலில் 104 படிகள், கீழே முழு நகரம். பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் படிகளிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்திருந்தால் இந்நேரம் மூன்று கவுன்டர்களில் விசாரித்து, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை போயிருப்பாள். அவள் இல்லாதது நிம்மதியாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 12, கொல்யூர்

நார்போன் தாண்டியதும் ரயில் காயல்களுக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் பூநாரைகள். இந்தக் கரையில் பார்த்த எல்லாவற்றிலும் இதுதான் அழகு. அட்டவணையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அந்தோனியோ மச்சாதோவைப் பார்த்தேன். 1939 தொடக்கத்தில் பிராங்கோவின் படைக்குத் தப்பி ஸ்பெயினிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்த எல்லையைக் கடந்தார்கள். கவிஞர் வயதான அம்மாவோடு வந்தார். இங்கே ஒரு விடுதியில் பிப்ரவரி 22 அன்று இறந்தார். அம்மா மூன்று நாள் கழித்து. இப்போது இருவருக்கும் ஒரே கல்லறை. பக்கத்தில் ஒரு தபால்பெட்டி. வருகிறவர்கள் அவருக்குக் கடிதம் எழுதிப் போடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் நோட்டிலிருந்து தாள் கிழித்து நின்றபடியே எழுதினாள், அடித்தாள், திருப்பி எழுதினாள். எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அம்மா என்னைவிட்டு அக்காவோடு போய் இருந்த வருடங்கள் ஏனோ ஞாபகத்துக்கு வந்தன.

அக்டோபர் 13, போர்ட்பௌ

பிரெஞ்சு ரயில் இங்கே நின்றுவிடும். ஸ்பெயினின் பழைய தண்டவாளம் 1,668 மில்லிமீட்டர் அகலம், பிரான்ஸில் 1,435. அந்தக் காலத்தில் வலென்சியா ஆரஞ்சுகள் எல்லை வரை ஒரு வண்டியில் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் செர்பேரில் பெண்கள் கூடை கூடையாக அள்ளி அடுத்த வண்டியில் கொட்டுவார்கள். கூலி உயர்வு கேட்டு 1906இல் அவர்கள் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். ஆரஞ்சுக்குத் தடை இருந்ததில்லை, ஆள்கூலி இருந்தால் போதும்.

மாலை, வால்டர் பெஞ்சமின் நினைவிடம். டானி காரவன் செய்தது, 1994. துருவேறிய இரும்புக்குள் ஒரு செங்குத்தான படிக்கட்டு, கடைசியில் கடல். கடலுக்கு முன்னால் கண்ணாடி. இறங்கலாம், போக முடியாது. ஜெர்மன் யூத எழுத்தாளரான பெஞ்சமின் 1940 செப்டம்பரில் நாஜிகளுக்குத் தப்பி, பைரனீஸ் மலையை நடந்து கடந்து இந்த ஊருக்கு வந்தார். அமெரிக்க விசா கையில் இருந்தது. பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதிதான் இல்லை. திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள் ஸ்பெயின் போலீஸார். 26ஆம் தேதி விடுதி அறையில் இறந்தார், வயது 48. மார்ஃபின் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

கூட வந்தவர்களைப் போக அனுமதித்தார்கள். அவர்கள் போனார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றேன். மேலே ஏறும்போது மூச்சு வாங்கியது. அக்காவின் முட்டிக்கு இந்தப் படிகள் ஆகியிருக்காது.

அக்டோபர் 14, காலை

அக்கா மறுபடி விண்ணப்பிக்கிறாளாம். இந்த முறை தனியாக. “உன்னோட சேர்த்துக் குடுத்ததாலதான் எனக்கு வராமப் போச்சு” என்றாள்.

“அதெல்லாம் காரணமா இருக்காதுக்கா.”

“அப்ப என்ன காரணம், நீ சொல்லு.”

பார்சிலோனா வண்டி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றேன். வண்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.