டாப் ஸ்டேஷன்: சில குறிப்புகள்

மூணாறிலிருந்து வட்டவடை போகிற பஸ். "டாப் ஸ்டேஷன் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். இறங்கிப் பார்த்தால் தண்டவாளமும் இல்லை, பிளாட்பாரமும் இல்லை. டீக்கடை, அதன் பின்னால் பள்ளத்திலிருந்து ஏறிவரும் மஞ்சு.

*

1902. மூணாறை அடுத்த குண்டளப் பள்ளத்தாக்கில் முதலில் ஓடியது ஒற்றைத் தண்டவாள வண்டி. பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம், அது சாலையில் உருளும். இழுத்தவை காளைகள். இதே முறையில் ஓடிய பாட்டியாலா வண்டியை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அது ஓடத் தொடங்கியது 1907இல்தான்.

*

1908. காளைகள் போய் நீராவி எஞ்சின் வந்தது. பாதையின் அகலம் இரண்டே அடி.

*

தேயிலை போன வழி: மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது, ரயில் போக வழியில்லை. பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அது பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்கு. பிறகு தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து.

*

அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் கங்காணிகள் கூட்டிவந்த நம் ஜனம். தேயிலை இறங்கக் கம்பி இருந்தது. அவர்கள் ஏறி வரக் கால்தான் இருந்தது. இந்த ஸ்டேஷனைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனசு அந்த ஏற்றத்திலேயே போய் நிற்கிறது.

*

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மலை சரிந்தது, பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. நீராவி வண்டிக்கு ஆயுள் பதினாறு வருஷம். மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது.

*

டீக்கடை பெஞ்சில் ஒரு பாட்டி. கொழுந்துக்கறை விரல் ரேகைக்குள் கறுப்பாக இறங்கியிருக்கிறது. கீழே குரங்கணிப் பக்கம் கை நீட்டினார்.

"எங்கம்மா கைப்பிள்ளையோட அந்த வழியாத்தான் ஏறி வந்துச்சு. ஸ்டேசன்னா ரயில் நிக்கிற எடம்னு எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் போடிக்குப் போனப்பத்தான்யா தெரியும். அதுவரைக்கும் ஊர் பேருன்னுல்ல நெனச்சிருந்தேன்."

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.