நீலம் வந்த தட்டு

அக்கா மகள் உயிரியலில் பி.எச்டி. பண்ணுகிறாள். தீபாவளிக்கு வந்தவள், பலகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு செல்போனை நீட்டினாள். ‘மாமா, நீலம் வந்திருச்சு!’

வட்டத் தட்டில் மிளகு சைஸில் நீலப் புள்ளிகள். ‘இதுக்கா இத்தனை சந்தோஷம்?’ என்று கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. சுருக்கித் தருகிறேன்.

நம் உடம்பில் புரோட்டீன் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000. பெரும்பாலான புரோட்டீன்கள் இன்னொன்றோடு கைகோர்த்துத்தான் காரியம் பார்க்கின்றன. யார், யாரோடு? ஜீனுக்கு ஒரு புரோட்டீன் என்று வைத்தாலே 20 கோடி ஜோடிகள். கல்யாணத் தரகர்கூட ஓடிவிடுவார்.

1989-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-க்யூ சாங் இருவரும் இதற்கு ஈஸ்ட்டை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈஸ்ட்டில் ‘கால்-4’ என்று ஒரு புரோட்டீன். ஜீனை ஆன் பண்ணும் சுவிட்ச். அதில் ஒரு பாதி டி.என்.ஏ. மேல் உட்காரும், மறுபாதி ஜீனை முடுக்கும். பிரித்துவிட்டால் வேலை நடக்காது. ஆனால், மறுபடி ஒட்ட வேண்டாம், பக்கத்தில் வந்தாலே போதும். ஆகவே முதல் பாதியோடு ‘அ’ என்ற புரோட்டீனையும், அடுத்த பாதியோடு ‘ஆ’வையும் கோர்த்துவிடு. அ-வும் ஆ-வும் கைகோர்த்தால் பாதிகள் நெருங்கும், ஜீன் விழிக்கும், தட்டில் போட்டிருக்கும் ரசாயனம் நீலமாகும்.

பொங்கலுக்கு வந்தபோது செல்போன் வெளியே வரவில்லை.

‘வெறும் தட்டும் நீலமாயிருச்சு மாமா.’

‘ஆ’ இல்லாமல், இரண்டாம் பாதியை மட்டும் சும்மா விட்டுப் பார்க்கும் தட்டு அது. வெள்ளையாக இருக்க வேண்டும். இவளுடைய ‘அ’, துணையே இல்லாமல் தானாகவே ஜீனை முடுக்கியிருக்கிறது. முதலிலேயே போட்டிருக்க வேண்டிய தட்டு, அவசரத்தில் விட்டுவிட்டாள். எட்டு மாத உழைப்பு போச்சு.

‘கைடுகிட்ட சொல்லிட்டியா?’

‘சொல்லிட்டேன். சொல்லலைன்னா இப்போதைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.’

அதுதான் விஷயம். நீலம் மட்டும் சாட்சியாகாது. நிஜ செல்லில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு புரோட்டீன்கள்கூட ஈஸ்ட்டுக்குள் கைகோர்க்கும். அதனால் வேறு வழியிலும் பார்க்கிறார்கள். செல்லை உடைத்து, ‘அ’வை ஆன்டிபாடியால் பிடித்து இழுத்து, கூடவே ‘ஆ’ வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. அதிலும் மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் இருந்து இருவரையும் பிடித்திருக்கலாம்!

எதற்கு இத்தனை சந்தேகம்? ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனிடோகிளாக்ஸ் மாத்திரையைப் பாருங்கள். செல்லைச் சாகடிக்கும் புரோட்டீன்களை ‘பி.சி.எல்-2’ என்ற புரோட்டீன் பிடித்து வைத்திருக்கிறது. மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, புற்றுசெல் சாகிறது. யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்பதைத் தப்பாகச் சொன்னால் மாத்திரை எதைத் தளர்த்தும்? முழுங்குகிறவர் ஒரு நோயாளி.

‘அ’வில் வம்பு பண்ணும் துண்டை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தட்டு.

கீழே ஒரு வரி: ‘மாமா, நீலமே வரலை!’

இந்தத் தடவை எதற்குச் சந்தோஷம் என்று நான் கேட்கவில்லை.